வீட்டில் சொல்ல முடியாததை எழுதிய நான்கு பேருக்கு

போன இதழில் மன அழுத்தத்துக்கான மாத்திரைகளைப் பற்றி எழுதியபோது, "சில ஆண்களுக்குத் தாம்பத்யத்தில் சிரமம் வரலாம், வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. பலவற்றில் பெயர் இல்லை. ஒருவர் உறைக்குள் தனியாக ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்: "ஊர் பெயரைப் போட்டுவிடாதீர்கள் டாக்டரம்மா, எங்கள் ஊரில் மொத்தமே அறுபது வீடுதான்." போடவில்லை. கோத்தகிரியில் இருபது வருடமாக மனநல மருத்துவராக இருக்கிறேன். இந்த மலையில் ஒரு பேச்சு அடுத்த ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கும் தெரியும். அதனால் ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். வயது 41. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. இரண்டு பிள்ளைகள். போன வருடம் பச்சை இலை விலை இறங்கியது, கடன், அப்பா தவறியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆளே படுத்துவிட்டேன். சாப்பாடு இறங்காது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். உயிரோடு இருந்து என்ன ஆகப்போகிறது என்றுகூட நினைத்தேன். மனைவிதான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தினம் ராத்திரி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. இரண்டு மாதத்தில் மறுபடி மனிதனாகிவிட்டேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் இல்லாத ஒரு தொல்லை. உறவு வைத்துக்கொள்ளும்போது விறைப்பு வருகிறது, விந்து மட்டும் வருவதே இல்லை. வேர்த்து மூச்சு வாங்கி, கடைசியில் அவளே "போதும், விடுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். இப்போது ஆசையும் குறைந்துவிட்டது. எனக்கு வேறு எங்கோ பழக்கம் என்று நினைக்கிறாள். வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் நான் குளிக்கப் போனதும் போனை எடுத்துப் பார்க்கிறாள். மச்சானிடம் மட்டும் சொன்னேன். இது நரம்புத் தளர்ச்சி, மேட்டுப்பாளையத்தில் மாதம் ஒரு நாள் லாட்ஜில் வந்து பார்க்கும் வைத்தியரிடம் போகலாம் என்கிறார். நானே நான்கு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் சுரீரென்று இழுத்தது. சரிவில் இலை பறித்துக்கொண்டிருந்தவன் விழத் தெரிந்தேன். பயந்துபோய் மறுபடி போட்டுக்கொண்டேன். எனக்கு ஆண்மை போய்விட்டதா? மாத்திரையை விட்டால் பழைய நோய் வந்துவிடுமா? விடாவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆண்மை எங்கேயும் போகவில்லை. விறைப்பு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைக்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது மாத்திரையின் பக்க விளைவு. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த, வழியும் இருக்கிற பக்க விளைவு.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவோக்செடின், பராக்செடின் என்று இவற்றில் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரே குடும்பம். மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் நரம்பு முனைகளுக்கு நடுவே கூடுதல் நேரம் தங்கும்படி செய்பவை. உங்கள் விடியற்காலை விழிப்பும், நெஞ்சை அழுத்திய பாரமும் குறைந்தது இந்த வழியில்தான். அதே செரட்டோனின், உச்சத்துக்குப் போகிற பாதையில் தடையாகவும் நிற்கிறது. ஆசையைத் தூண்டிவிடும் டோபமைனின் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவையும் டிரைவர் இரண்டாம் கியரிலேயே இறங்குவார், பார்த்திருப்பீர்கள். வண்டியில் பழுது என்று யாரும் சொல்வதில்லை. கியர் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. விந்து சீக்கிரமே வெளியேறிவிடுகிறது என்று வரும் ஆண்களுக்கு இதே குடும்பத்து மருந்தைத்தான் நாங்கள் எழுதிக்கொடுக்கிறோம். டபாக்செடின் என்ற மாத்திரை அதற்கென்றே வந்தது. அவர்களுக்கு மருந்தாக இருக்கும் அதே குணம் உங்களுக்குத் தொல்லையாக வந்திருக்கிறது. உள்ளே தங்கும் விந்து விஷமாகும், முதுகெலும்பில் ஏறும் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

அட்டையில் இரண்டாவதாகக் குளோனசெபாம் என்றும் இருக்கிறதா, அவசியம் பாருங்கள். நம் ஊர்களில் எஸ்சிட்டாலோப்ராமும் குளோனசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை ஏராளமாக விற்கிறது. பெயருக்குப் பின்னால் "பிளஸ்" என்றோ வேறு ஏதாவது வாலோ இருக்கும். குளோனசெபாம் முதல் சில வாரங்களுக்குத் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் உதவும். அப்புறம் அது தேவையில்லாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதுவும் ஆசையைக் குறைக்கும். அதை மட்டும் மெல்லக் குறைத்து எடுத்ததிலேயே பாதித் தொல்லை தீர்ந்தவர்கள் உண்டு. ஆனால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நீண்ட நாள் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். மெல்ல, மருத்துவர் சொல்கிற கணக்கில்.

தலைக்குள் கரண்ட் அடித்தது என்றீர்களே, அது உங்கள் கற்பனை இல்லை. இந்த மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் பலருக்கு வருவதுதான்: அந்தச் சுரீர், தலைசுற்றல், எரிச்சல், தெளிவான கெட்ட கனவுகள். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்று இதைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். குடிக்கோ புகைக்கோ ஏங்குவது போன்ற ஏக்கம் இதில் இல்லை. பழகிய மருந்து திடீரென்று இல்லாமல் போனதற்கு மூளை தடுமாறுகிறது. சரிவில் நின்று வேலை செய்கிறவர் நீங்கள். இன்னொரு முறை அந்தச் சோதனை வேண்டாம். சனி, ஞாயிறு மட்டும் மாத்திரையை விட்டுப் பார்க்கலாமா என்றும் இருவர் எழுதியிருக்கிறார்கள். ஃப்ளூவோக்செடினாக இருந்தால் அதனால் பலனே இல்லை, அது உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கில் ஆகும். மற்றவற்றில் உங்களுக்கு வந்த அந்தச் சுரீர் வரும். இரண்டு நாள் விட்டவர் மூன்றாம் நாளும் விடுவதும் வழக்கம்தான்.

இங்கே என்னுடைய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஜீப் டிரைவர் என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் வருவார். "எப்படி இருக்கீங்க?" என்பேன். "நல்லா இருக்கேன்மா" என்பார். தூக்கம், பசி, வேலை எல்லாம் கேட்பேன், மாத்திரை எழுதிக்கொடுப்பேன், வாங்கிக்கொண்டு போவார். தை மாதக் குளிரில் ஒருநாள் அவர் மனைவி மட்டும் வந்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். பதினோரு அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. மூன்று மாதமாக வாங்கி வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஆள் மறுபடியும் படுத்த படுக்கை, சுவரைப் பார்த்துக்கொண்டு. ஏன் நிறுத்தினார் என்பதை எங்கள் கம்பவுண்டரிடம் சொல்லியிருந்தார், என்னிடம் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். அவர் சொல்லாதது அவர் குற்றம் இல்லை. நான் ஒரு முறைகூட அதைக் கேட்கவில்லை.

ஸ்பெயினில் 344 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1997-இல் வெளிவந்தது. தாங்களாகவே இந்தச் சிரமத்தைச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர். மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது இருக்கிறது என்றவர்கள் நூற்றுக்கு 58 பேர். அந்த எண்ணை நான் முதலில் படித்தது மாணவியாக இருந்தபோது. புரிந்தது அந்தப் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தபோது. இப்போது ஆண் நோயாளி எல்லோரிடமும், மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை, இரண்டாவது மாதம் ஒரு முறை, "உறவில் ஏதாவது மாற்றம் இருக்கா? ஆசையிலயா, விறைப்பிலயா, விந்து வரதுலயா?" என்று பெயர் சொல்லியே கேட்கிறேன். முன்னால் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மனச்சோர்வே ஆசையைக் கொன்றுவிடும். முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பழியை மாத்திரைமேல் போடலாமா, நோயின்மேல் போடலாமா என்று தெரியும். பெரும்பாலானவர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள், சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்கள். பரவாயில்லை, பதில் வந்துவிடுகிறது. அந்த டிரைவர் வேறு மருந்தில் தேறினார். இன்றும் வண்டி ஓட்டுகிறார்.

சரி, இனி என்ன செய்யலாம். உங்கள் மருத்துவரிடம் போய், எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே நீட்டுங்கள். வாயால் சொல்ல வேண்டியதில்லை. அவர் யோசிக்கக்கூடியவை சில. அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது. சிலருக்குக் குறைந்த அளவிலேயே மனசும் நிற்கும், இதுவும் சரியாகும். ஆனால் உயிர்மேல் வெறுப்பு வரும் அளவுக்குப் போனவர் நீங்கள், முதல் தடவை குணமானவர்கள் தேறிய பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் முழு அளவில் தொடர வேண்டும் என்பதுதான் பொது விதி, ஆகவே இதில் அவசரப்பட மாட்டார். மருந்தையே மாற்றுவது இன்னொரு வழி. அதே ஸ்பெயின் குழு 2001-இல் 1,022 பேரைப் பார்த்து எழுதியதில், பராக்செடின் சாப்பிட்டவர்களில் சுமார் 71 சதவீதம் பேருக்கு இந்தச் சிரமம், மிர்டசாபின் சாப்பிட்டவர்களில் சுமார் 24 சதவீதம் பேருக்கு. மிர்டசாபின் நல்ல தூக்கம் தரும், பசியைக் கிளப்பும், எடை ஏறும். ப்யூப்ரோபியான் என்பது வேறு வழியில் வேலை செய்வது, தாம்பத்யத்தில் அநேகமாகக் கை வைக்காது. இருக்கிற மாத்திரையோடு சேர்த்தும் தரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், அதிகம் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துகிறவர்களுக்கும் அது கூடாது. நீங்கள் குடிப்பீர்களா என்று எழுதவில்லை. குளிருக்கு என்று தினம் ஒரு குவார்ட்டர் போடுகிறவராக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அதை வைத்து மருந்தே மாறும். அப்படியே சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு பார்த்துவிடச் சொல்லுங்கள். 41 வயதில் சர்க்கரை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும்.

லாட்ஜ் வைத்தியர் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், போகாதீர்கள். உங்கள் மச்சான் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். "ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம்" என்று நம் அப்பாக்கள் காலத்திலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பயத்தை வைத்துத்தான் அந்த அறைக்கு வெளியே வரிசை நிற்கிறது. தாம்பத்ய சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. இருந்தும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். லேகியம், சூரணம் என்று கொடுப்பதில் ஆங்கில மருந்தைப் பொடித்துக் கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றை, மூளைக்குப் போடும் மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது பெரிய ஆபத்து. அவர்கள் முதலில் சொல்வதும் "அந்த மாத்திரையை நிறுத்து" என்பதைத்தான்.

உங்கள் மனைவி. உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது அவர் போனை எடுத்துப் பார்ப்பது. விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் எழுந்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் எழுந்து உட்கார்ந்தவர், கையைப் பிடித்து அழைத்துப் போனவர், இப்போது தனியாகக் குழம்பிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கே சொல்லுங்கள். படுக்கையில் வேண்டாம், அங்கே சொன்னால் சாக்குப்போல இருக்கும். மாலையில் இலை எடை போட்டுவிட்டு நடந்து வரும்போது சொல்லுங்கள்: "எனக்கு உன்மேல ஆசை குறையல, இந்த மாத்திரை இப்படிப் பண்ணுதாம். டாக்டர் சொன்னாங்க." அடுத்த முறை மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். மறுபடி எப்போதாவது அந்த "உயிரோடு இருந்து என்ன" என்ற நினைப்பு வந்தால், நடு ராத்திரியானாலும் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கிய சேவை. காசு இல்லை, தமிழில் பேசலாம்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு. கூடலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். என் தாத்தா பாட்டி சிலோனிலிருந்து வந்தவர்கள். எனக்கு 31, அவருக்கு 36. ஒரு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு படபடப்பு வந்து ஹார்ட் அட்டாக் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லாம் பார்த்துவிட்டு, பயத்தால் வருவது என்று பராக்செடின் மாத்திரை கொடுத்தார்கள். படபடப்பு நின்றுவிட்டது. அதிலிருந்து அவர் என் பக்கமே திரும்புவதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறார். ஒரே அறை, நடுவில் பையன், ஒரு பக்கம் மாமியார். இரண்டாவது குழந்தை எப்போது என்று மாமியார் கேட்கும்போது நான் என்ன சொல்ல? என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்: தங்கச்சி, உங்களைப் பிடிக்காமல் போனதற்கு இந்தக் கடிதத்தில் ஒரு அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. பராக்செடின் என்ற பெயரை எழுதியது நல்லதாகப் போயிற்று. மேலே முதல் பதிலைப் படியுங்கள். அந்தக் குடும்பத்திலேயே தாம்பத்யத்தை அதிகம் தொல்லை செய்வது இதுதான். முயன்று முடியாமல் போன ஆண், அடுத்த முறை முயல்வதையே தவிர்த்துவிடுவான். தோற்பதைவிடச் சண்டை போட்டுத் திரும்பிப் படுப்பது அவனுக்குச் சுலபம். அந்த எரிச்சலுக்குப் பின்னால் வெட்கம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நீங்களாக மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள். இதை எழுதக் காரணம் இருக்கிறது, சில வீடுகளில் நடக்கிறது. பராக்செடின் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும் மருந்து. அதனால் நிறுத்தும்போது வரும் தொல்லையும் அதில்தான் கடுமை. மாற்றுவதென்றால் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து, புதியதைச் சேர்த்து மாற்ற வேண்டும். அவரோடு நீங்களும் போய், "இன்னொரு குழந்தை வேணும்னு இருக்கோம் டாக்டர்" என்று ஆரம்பியுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், மருத்துவர் மீதியைக் கேட்டுக்கொள்வார். உங்கள் கணவருக்கும் அதில் மானக்குறைவு இல்லை.

ஒரே அறை என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் வீட்டின் அளவைப் பற்றிக் கேட்பதில்லை, நானும் பல வருடம் கேட்டதில்லை. தகரக் கூரைக்குக் கீழே, மாமியாரின் இருமல் கேட்கிற தூரத்தில், ஏற்கெனவே பிரேக் பிடித்த உடம்புக்கு எப்படி நேரம் கிடைக்கும்? இந்த மருந்தில் உச்சத்துக்குக் கூடுதல் நேரம் ஆகும், அவசரம் அதை இன்னும் கெடுக்கும். மாமியார் கோவிலுக்கோ மகள் வீட்டுக்கோ போகிற நாள், பையன் பள்ளிக்கூடத்திலிருக்கும் நேரம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முடித்தே ஆக வேண்டும் என்ற கணக்கு வேண்டாம். பக்கத்தில் படுத்துப் பேசுவது, தொடுவது, அது போதும். பயம் இறங்க இறங்க உடம்பும் கொஞ்சம் இறங்கி வரும். மாமியாருக்கு, "டாக்டர் ஆறு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லுங்கள். பொய் இல்லை, நான் சொல்கிறேன்.

கேள்வி: குன்னூர். வயது 59. சர்க்கரை பத்து வருடம். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனம் சோர்ந்து செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். விறைப்பு சுத்தமாக இல்லை. நண்பர் நீல மாத்திரை இரண்டு கொடுத்திருக்கிறார். போடலாமா?

பதில்: ஐயா, போடாதீர்கள். இந்த இதழ் கைக்கு வந்த உடனே அந்த இரண்டையும் தூக்கி எறிந்துவிடுங்கள். நீல மாத்திரை என்பது சில்டெனாஃபில். நாக்குக்கு அடியில் வைப்பது நைட்ரேட் வகை மருந்து. இரண்டும் உடம்பில் சந்தித்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கும், உயிர் போகலாம். ஒருவேளை ஏற்கெனவே ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்து, பிறகு நெஞ்சுவலி வந்தால், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். வெட்கத்துக்கு அங்கே இடமில்லை.

சில்டெனாஃபில் கெட்ட மருந்து இல்லை. மன அழுத்த மாத்திரைகளால் விறைப்பு கெட்ட 90 ஆண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், சில்டெனாஃபில் சாப்பிட்டவர்களில் 55 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேர்தான். அந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. நைட்ரேட் தேவைப்படாத, இதயம் தாங்கும் என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன ஆண்களுக்கு நானே எழுதிக்கொடுக்கிறேன். உங்களுக்கு அது இல்லை. உங்கள் விஷயத்தில் செர்ட்ராலினை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். பத்து வருடச் சர்க்கரை ரத்தக்குழாயையும் நரம்பையும் தின்றிருக்கும், இதயத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று கவனித்துக்கொண்டு, எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப்போய் இதய மருத்துவரிடம் கேளுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன.

கேள்வி: வணக்கம் மேடம். பண்ணைக்காடு, வயது 27. எங்கள் வீட்டில் காப்பியும் மலை வாழையும். போட்டித் தேர்வில் மூன்று முறை தோற்றதில் மன அழுத்தம் வந்து எட்டு மாதம் எஸ்சிட்டாலோப்ராம் சாப்பிட்டேன். டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் பழைய மாதிரி ஆசை வரவில்லை, தொட்டால் உணர்ச்சியும் மரத்த மாதிரி இருக்கிறது. தை மாதம் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. நிறுத்திய பிறகும் நிரந்தரமாக இப்படியே இருந்துவிடும் என்று இரவெல்லாம் போனில் படிக்கிறேன். உண்மையா? பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: தம்பி, உங்களிடம் மழுப்ப மாட்டேன். பெரும்பாலான ஆண்களுக்கு மாத்திரை நின்ற சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு அதற்குப் பிறகும் நீடிக்கிறது என்பதும் உண்மை. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதைப் பரிசீலித்து, நிறுத்திய பின்னும் இந்தச் சிரமம் தொடரலாம் என்று மருந்துக் குறிப்பில் எழுதும்படி சொன்னது. நோயாளிகள் வருடக்கணக்காகச் சொல்லி, மருத்துவர்கள் "அதெல்லாம் உன் மனசு" என்று தள்ளிவிட்டதற்குப் பிறகு வந்த வரி அது. அதனால் நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். உணர்ச்சி மரத்த மாதிரி இருப்பதையும் அப்படியே குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு மாதத்தை வைத்து நிரந்தரம் என்று முடிவு கட்ட எனக்கு மனமில்லை. உங்களுக்குள் இப்போது வேறு இரண்டு விஷயங்களும் ஓடுகின்றன. பழைய மன அழுத்தம் மிச்சமிருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும், அதுவே ஆசையைத் தின்னும். அப்புறம், கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு தினம் தினம் உடம்பைச் சோதித்துப் பார்ப்பது. விதை போட்டவன் தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்தால் முளை எப்படி வரும்? இரவில் அந்தப் போனை வேறு அறையில் வையுங்கள். அங்கே எழுதுகிறவர்களின் வேதனை நிஜம்தான், ஆனால் ஆறு வாரத்தில் சரியானவன் அங்கே வந்து எழுதுவதில்லை.

பெண்ணிடம் சொல்ல வேண்டுமா என்றால், சொல்லுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். மற்ற மருத்துவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருவரும் போனில் பேசுகிறீர்கள்தானே? மன அழுத்தத்துக்கு வைத்தியம் பார்த்ததை முதலில் சொல்லுங்கள். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்த பிறகு, இதைச் சொல்ல உங்களுக்கே வார்த்தை கிடைக்கும். சொல்லாமல் போனால், முதல் ராத்திரியில் உங்களுக்கு வரும் பயத்துக்கு அந்தப் பெண் தன்னைக் காரணமாக நினைத்துக்கொள்வார். கூடலூர்த் தங்கச்சியின் கடிதத்தை மேலே படித்தீர்கள்.

இந்த வாரமே மாத்திரை கொடுத்த மருத்துவரிடம் போங்கள். எந்த மாதம் எத்தனை மில்லிகிராம், எப்போது குறைத்தது, எப்போது நின்றது, தொல்லை எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன், ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன்களையும், தைராய்டு, சர்க்கரையையும் பார்க்கச் சொல்வார். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை பத்து மணிக்குள் ரத்தம் எடுக்க வேண்டும், மத்தியானம் எடுத்தால் அளவு இறங்கித் தெரியும். அதனால் பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்குக் காலையில் முதல் பஸ்ஸையே பிடித்துவிடுங்கள், வெறும் வயிற்றில். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், "காப்பித் தோட்டம்" என்று மட்டும் எழுதினால் எனக்குத் தெரியும்.